அம்மா அவித்த ஆட்டு ரோமம்

உ
வெள்ளவத்தை,
கொழும்பு 6.
28.11.1999

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதம் எழுதும் வரைக்கும் நானும் அம்மாவும் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும் உண்டு, அது மழைக்கு வரும் வெயிலுக்குப் போகும், அதை நீ பெரிதாக எடுக்கத் தேவையில்லை. நீயும் அந்த லண்டன் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி இல்லையென்றால் ஒளிக்காமல் எழுது. போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில், டிக்கட் போடாதே, கடிதம் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ ஏன் அப்பா, ஏன் அப்பா என்று கேட்டது எனக்குக் கேட்காமல் இல்லை. ரெலிபோன் கடையில் பின்னால் வரிசையில் ஆட்கள், பக்கத்தில் அம்மா. அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாத விசயம் அது, அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கேட்ட ஆட்டு ரோமம் வராது, அது பழுதாய்ப் போய்விட்டது. அது எப்படிப் பழுதானது என்பதையும், அதற்காக நீ ஏன் மார்கழி லீவுக்கு இங்கே வந்து நிற்கக் கூடாது என்பதையும் தொடக்கத்தில் இருந்து எழுதினால்தான் உனக்கு விளங்கும். நீயும் என்னைப் போலத்தான், காரணம் சொல்லாமல் ஒன்றுக்கும் தலையாட்டமாட்டாய்.

ஆவணியில் உன் கடிதம் வந்த அன்று, வழக்கம்போல அதை நான் உரத்து வாசிக்க அம்மா கீரை ஆய்ந்துகொண்டு கேட்டார். நீ இருக்கிற பண்ணைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவதையும், ஆட்டில் இருந்து ரோமம் கத்தரிப்பது தொடங்கி நூலாக்கித் துணியாக்குவது வரைக்கும் நீ அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதையும், ஒரு சட்டை எங்கே இருந்து வருகிறது என்று கேட்டால் கடையில் இருந்து என்று மட்டும்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறது என்பதையும் எழுதியிருந்தாய். அங்கே உள்ள சனம் வாங்கின உடுப்பை நாலு தரம் போட்டுவிட்டு எறிகிற கதையையும் எழுதியிருந்தாய். அதைக் கேட்டுவிட்டு அம்மா, உடுப்பை எறியாதே என்று படிப்பிக்கவும் ஒரு யூனிவேர்சிற்றி வேணுமோ என்று கேட்டார். நானும் அப்போது சிரித்துவிட்டேன். பிறகு புறக்கோட்டைக்குப் போனபோதுதான் கவனித்தேன், நடைபாதை முழுக்க வெளிநாட்டுப் பழைய உடுப்புக் குவியல், அதற்குப் பக்கத்தில் ஏற்றுமதி உடுப்பு தைக்கிற இடங்களில் இருந்து வந்த வெட்டுத் துண்டுகள் இன்னொரு குவியல், மழை பெய்தால் அதில் பாதி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போகிறது, கான் அடைபட்டு நிற்கிறது. எத்தனையோ வருசம் அந்த வழியால் நடந்து போனவன் நான், நீ எழுதின பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. அந்தப் பெருமையை உனக்கே விட்டுத்தருகிறேன்.

அந்தக் கடிதத்தில்தான் உன் ஆராய்ச்சிக்கு இந்தப் பக்கத்து வறண்ட நிலத்துச் செம்மறியின் ரோமம் வேண்டும் என்று கேட்டாய். கட்டை ரோமம், முரட்டு ரோமம், ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் எறிகிற அதையே தென்னந்தும்போடும் வாழைநாரோடும் சேர்த்து நெய்ய முடியுமா என்று பார்க்கப் போகிறாய் என்று எழுதினாய். எடுத்தபடி அப்படியே அனுப்ப வேண்டும், கழுவக்கூடாது, கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரில் கை படாமல் ஊறவிட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் ரோமத்தில் இருக்கிற செதில்கள் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தாய். அம்மா அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். நான் இன்னொரு தரம் வாசித்தேன். பிள்ளையின் விசயத்தில் எவ்வளவு கவனம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். கடைசியில் நீ எழுதின வரிதான் என் நித்திரையைக் கெடுத்தது. கார்த்திகை முடிய ரோமம் வந்து சேராவிட்டால் மார்கழியில் நானே வந்து, புத்தளம் மன்னார் எல்லாம் போய், ஆட்டுக்காரரைப் பிடித்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினாய். அது உனக்குக் கடையில் போய்ப் பாண் வாங்குகிற மாதிரி இருக்கிறது.

பிள்ளை, நீ போய் ஆறு வருசமாகிறது. நீ விட்டுப்போன கொழும்பு இது இல்லை. உனக்குத் தெரியாத ஒரு விசயத்தை இப்போது எழுதுகிறேன், ரெலிபோனில் இதையெல்லாம் சொல்வதில்லை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரி நளீபா கீழ்த்தட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தார். வைகாசியில் அங்கே ஒரு பிள்ளை கனடாவில் இருந்து தாயைப் பார்க்க வந்தது. உன்னைவிட ஒரு வயது கூடவோ குறையவோ, கலகலவென்று கதைக்கிற பிள்ளை, அம்மாவுக்கும் ஒரு சொக்கலேற் பெட்டி கொண்டுவந்து தந்தது. வந்த உடனே பொலிஸில் பதிய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, தாயும் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டா. விடிய வந்து சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு நாளுக்கு மேலே உள்ளே இருந்தது. நளீபா தனக்குத் தெரிந்த சிங்கள லோயரைப் பிடித்து, நானும் கூடப் போய் அலைந்துதான் வெளியே எடுத்தோம். திரும்பி வந்த பிள்ளை ஒருவரோடும் கதைக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. கனடாவுக்குப் போன பிறகும் தாய் ரெலிபோன் எடுத்தால் ஓம் என்றும் இல்லை என்றும் மட்டும்தான் பதில் வருகிறதாம். உன்னுடைய அட்டையிலும் அதே ஊர்தான் இருக்கிறது. இப்போது வன்னியில் திரும்பவும் பெரிய சண்டை, இங்கே எலெக்சன் வேறு வருகிறது, சந்திக்குச் சந்தி சோதனை. இந்த நேரத்தில் நீ புத்தளத்துக்கும் மன்னாருக்கும் போய் செம்மறி ரோமம் சேர்க்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், அப்பா நானே நம்பமாட்டேனே.

ஆகவே ரோமத்தை எப்படியும் உனக்கு அனுப்பிவிட வேண்டும், அது கைக்கு வந்தால் நீ வரமாட்டாய், இது ஒன்றுதான் என் கணக்கு. புறக்கோட்டையில் தும்பும் கயிறும் விற்கிற கடை ஒன்றில் ஹாஷிம் என்று ஒருவர் வேலை செய்கிறார். நான் கோட்டை ஸ்டேசன் பார்சல் ஒப்பீஸில் இருந்த காலத்தில் அந்தக் கடைக்கு வருகிற சாமான் என் கையால்தான் போகும், அந்தப் பழக்கம். அவருடைய குடும்பம் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை எங்கள் ஆட்கள் வெளியேற்றினபோது உடுத்த உடுப்போடு வந்தவர்கள். ஆடு, வீடு, தோணி எல்லாம் அங்கேயே விட்டது. இப்போது அவருடைய தம்பி புத்தளத்தில் அகதி முகாமுக்குப் பக்கத்தில் திரும்பவும் செம்மறி வளர்க்கிறார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் நான் உதவி கேட்க எனக்கு வாய் எழும்பவில்லை, கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவரே என்ன மாஸ்டர் என்று கேட்டார், சொன்னேன். மனிதர் நன்றாகச் சிரித்தார். அந்த ரோமத்தை வெயிலுக்கு முன்னம் ஒரு தரமும் மழைக்கு முன்னம் ஒரு தரமும், உண்ணி பிடிக்கும் என்று கத்தரித்து தென்னங்குழிக்குள் போட்டு மூடுகிறதாம், அதை எடுத்து லண்டனுக்கு அனுப்பப் போகிறேன் என்கிறாரே என்று பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுச் சொன்னார். சிரித்தாலும் காரியத்தை விடவில்லை. ஐப்பசி தொடங்க ஒரு சாக்கு நிறைய வந்து இறங்கினது. ஒரு சதமும் வாங்கமாட்டேன் என்றார். உங்கள் பிள்ளை இதைப் படித்து அந்த ரோமத்துக்கு ஒரு விலை வரவைத்தால் தம்பிக்குச் சொல்லச் சொன்னார். இதை மறக்காமல் உன் கொப்பியில் எழுதி வை.

சாக்கோடு ஓட்டோவில் வரும்போது சோதனையில் மறித்தார்கள். கம்பியால் குத்திப் பார்த்தான் ஒருவன், கம்பி முழுக்க ரோமம் சுற்றிக்கொண்டு வந்தது. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். ஆட்டு ரோமம் என்றேன். எதற்கு என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, ஆராய்ச்சி என்று சொன்னால் வேறு மாதிரி விளங்கும், ஆகவே 'துவட்ட, மாத்தயா' என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன், மகளுக்கு ஐயா என்று. அவன் குனிந்து மணந்து பார்த்தான், முகத்தைச் சுழித்துக்கொண்டு, மகளுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னான். அந்த மணத்தைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே பிள்ளை. ஆட்டுப் புழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மாடிப்படி முழுக்க நாறினது. நளீபா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்து, அக்கா, வீட்டில் ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாலும் செம்மறிதான் மணந்தது. அம்மா ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும், ஒரு மீன்காரன் படியேறி வந்தாலே படியைக் கழுவுகிறவர்.

தபாலில் போட முடியாது, மிருகச் சாமான் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் பேராசிரியர் தந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன், அது அங்கே இறக்குவதற்கு, இங்கே ஏற்றுவதற்கு இல்லை என்றார்கள். இனி வெள்ளவத்தைச் சனம் எல்லாம் செய்கிற வழிதான், லண்டனுக்குப் போகிற ஆள் ஒன்றைப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுவது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி வரதராசா அங்கே இருக்கிற தன் மகனிடம் போகிறார் என்று தெரிந்து அவரிடம் போனேன். அவருடைய பெட்டிக்குள் ஏற்கனவே நாலு வீட்டு மிளகாய்த்தூளும் ஒடியலும் வடகமும் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, அருந்ததி இன்னும் அங்கே ஆடுதானோ மேய்க்கிறாள் என்று. கோயிலிலும் இதைத்தான் கேட்பார், கலியாண வீட்டிலும் இதைத்தான் கேட்பார், அலுக்காத மனிதர். ஓம், மேய்க்கிறாள், உங்கடை மகன் பெற்றோல் ஷெட்டில் நிற்கிற மாதிரித்தான் என்று சொல்ல வாய் வந்தது, காரியம் ஆகவேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு கண்டிசன், மணம் இருக்கக்கூடாது, மிளகாய்த்தூளில் ஆட்டு மணம் ஏறினால் ஊர் முழுக்கத் தன்னைத்தான் ஏசுமாம், கழுவிக் காயவைத்துத் தந்தால் கொண்டுபோவேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், பச்சைத் தண்ணீர், கை படக்கூடாது, நாளைக்கு நான் நின்று பார்த்துத்தான் ஊறப்போட வேண்டும் என்று. ஓம் என்றார். மறுநாள் எனக்குப் பொரளையில் கண் கிளினிக். காலையில் போனவன், வரிசையில் இருந்து பின்னேரம்தான் திரும்பினேன். படியேறும்போதே மணம் மாறியிருந்தது, சவுக்கார மணம். மொட்டைமாடிக்குப் போனால், பெட்சீற் காயப்போடுகிற கொடியில் நரைத்த நிறத்தில் தடிப்பாக ஏதோ ஒன்று தொங்குகிறது, கீழே தண்ணீர் சொட்டுகிறது. சாக்கு ரோமம் முழுக்க ஒரே பாய் மாதிரி. நளீபாவைக் கேட்டேன், காலையில் இருந்து அக்கா பெரிய கிடாரத்தில் கொதிக்கவைத்து அவித்தா, பிறகு கல்லில் போட்டுத் தப்பினா, முறுக்கிப் பிழிந்து திரும்பவும் அவித்தா, நான் கை கொடுக்கவோ என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றா என்று சொன்னார். நான் பிரித்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், என் சாக்கு ஊசியைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தேன். நீ எழுதினது அத்தனையும் உண்மை, ஒரு மயிரை வேறாக எடுக்க முடியவில்லை. வேறு வீட்டில் என்றால் இப்படி நடக்காது, எங்கள் பெண்களுக்குத்தான் அவித்துத் தப்பாமல் ஒன்றும் சுத்தமாகாது என்று நினைத்துக்கொண்டு, கோபம் தலைக்கேறக் கீழே இறங்கினேன்.

அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் நன்றாக ஏசினேன். மறைக்காமல் எழுதுகிறேன், முப்பத்து மூன்று வருசத்தில் அப்படி ஏசினதில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, கோடு போட்டு எழுதியிருந்தாளே, இரண்டு தரம் வாசித்தேனே, உமக்கு மண்டைக்குள் ஒன்றும் ஏறாதா என்று கேட்டேன். அம்மா அரிசித் தண்ணீரை வடித்து ஊற்றி முடித்தார். பிறகு சொன்னார்:

"தெரியாமல் அவிக்கேல்லை. நீங்கள் ரெண்டு தரம் வாசிச்சனீங்கள்தானே. ரோமம் போய்ச் சேர்ந்தா பிள்ளை வரமாட்டாள். சேராட்டித்தான் வருவாள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், கீழ்வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது உமக்குத் தெரியும்தானே, வந்து நாளைக்கு அவளைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வீர் என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"பொலிஸ் வாசல்லை போய் இருப்பன். மதிலுக்கு அங்காலை எண்டாலும் கிட்டத்தானே இருப்பாள்."

நீ போன நாளில் இருந்து இந்த மனுசி ஒரு நாளாவது உன்னை வா என்று கேட்டதில்லை. ரெலிபோனில் சாப்பிட்டாயா, தலை முழுகினாயா, அங்கே மழையோ என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு என்னிடம் தந்துவிடுவார். நீ ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைச் சாமிப் படங்களோடு வைத்துப் பூ வைக்கிறாரே, ஆட்டுக்கும் சேர்த்துப் பூ வைக்கிறீரே என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். மனதை அடக்கிக்கொண்ட ஆள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, வழி கிடைக்கும் வரைக்கும் சும்மா இருந்திருக்கிறார். பெரிய கிடாரத்தைத் தனியாகத் தூக்கி அடுப்பில் வைத்து, அந்த நாற்றத்துக்குள் நின்று, கையெல்லாம் சிவக்கத் தப்பியிருக்கிறார், எதற்கு, உன் படிப்பைக் கெடுத்து உன்னை இந்த ஊருக்கு இழுக்க. நீ கோபிக்காதே. அந்தக் கோபத்தை நான் உனக்கும் சேர்த்துப் பட்டு முடித்துவிட்டேன்.

பிறகு கொஞ்ச நாள் வீட்டில் கதை பேச்சு இல்லை. சோறு வரும், தேத்தண்ணி வரும், கதை வராது. வரதராசா வந்து சாமான் எங்கே என்றார், அது சரிவரவில்லை என்றேன், நல்லது என்று அந்த இடத்துக்கு இன்னொரு பார்சல் ஒடியலை வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பவும் புறக்கோட்டைக்கு ஓடினேன். ஹாஷிம் தம்பியைக் கேட்டுச் சொன்னார், மழைக்கு முன்னம் கத்தரித்தது எல்லாம் குழிக்குள் போய்விட்டது, இனிச் சித்திரை வெயிலுக்கு முன்னம்தான் கத்தரிப்பார்களாம், பங்குனிக் கடைசியில் நிச்சயம் ஒரு சாக்கு எடுத்து வைப்பார், இந்த முறை கறுப்பு ஆட்டின் ரோமத்தை வேறாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். என்ன மாஸ்டர், போன சாக்குக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வீட்டில் கழுவிவிட்டார்கள் என்றேன். அவருக்கு அது போதும், தன் மனுசியும் அப்படித்தான், புது நோட்டையும் கழுவிக் காயப்போடுவா என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது வந்தது.

அந்த பஸ்ஸுக்குள் இருந்துதான் யோசித்தேன். பார்சல் ஒப்பீஸில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, ஒரு லைனில் போகாத சாமானைத் திருப்பி அனுப்புவதில்லை, வேறு எந்த லைனால் போகும் என்றுதான் பார்ப்போம். நீ கொழும்புக்கு வரக்கூடாது, அம்மா உன்னைக் காணாமல் இருக்கமாட்டார், ரோமம் உன் கைக்கு வரவேண்டும். மூன்றுக்கும் ஒரே லைன் திருச்சிதான். கௌரிச் சின்னம்மா தொண்ணூறில் இருந்து திருச்சியில்தானே இருக்கிறா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி, அவவும் உன்னை வா வா என்று எழுதிக்கொண்டே இருக்கிறா. நீ சித்திரையில் லீவு எடுத்து நேரே திருச்சிக்கு வா. இங்கே இருந்து பிளேனில் ஏறினால் கொஞ்ச நேரம். ரோமத்தை நான் கழுவாமல், எடுத்தபடி, இரண்டு சாக்குப் போட்டு, உள்ளே பொலித்தீன் வைத்து என் கையால் தைத்துவிடுகிறேன், நான் தைத்த சாக்கு பதுளை போய் வந்தாலும் பிரிந்ததில்லை. கறுப்பு வேறு, வெள்ளை வேறு. நீ உன் பேராசிரியரிடம் இந்தியாவுக்கும் ஒரு அனுமதிக் கடிதம் வேண்டுமா என்று இப்போதே கேட்டு அனுப்பு, கடைசி நேரத்தில் ஓடக்கூடாது. திருச்சிப் பக்கத்திலும் செம்மறி வளர்க்கிற ஆட்கள் இருக்கிறார்களாம், கம்பளி நெய்கிறவர்களும் இருக்கிறார்களாம், சின்னம்மா சொன்னா. நீ பார்க்க நினைத்ததை அங்கே பயமில்லாமல் நடந்து திரிந்து பார்க்கலாம், ஒருவரும் உன்னிடம் அட்டை கேட்கமாட்டார்கள்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். நீங்கள் வரவில்லையோ என்று கேட்டார். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், நளீபாவை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக முடியாது, பொலிஸ் வந்து கேட்டால் பதில் சொல்லவும் ஆள் வேண்டும், நான் நிற்கிறேன், நீர் போய்வாரும் என்றேன். இன்று காலையில் எழும்பிப் பார்த்தால் என்னுடைய வெள்ளைச் சேட் அயன் பண்ணிக் கதிரையில் போட்டிருக்கிறது. எதற்கு என்று கேட்டேன், பாஸ்போட் படத்துக்கு என்றார். இந்த மனுசியோடு ஏற்கனவே ஒரு தரம் தோற்றுவிட்டேன், இனியும் நின்று தோற்க எனக்கு ஏலாது, போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான் படக்காரன், படத்தில் நான் கள்ளனைப் போல இருக்கிறேன். வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்தால் தான் வைத்திருக்கிறேன் என்று நளீபா சொல்லிவிட்டார், பொலிஸ் வந்தால் தானே கதைப்பாராம், அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது.

அந்த அவித்த பாயை எறியவில்லை. இப்போது அது என் கதிரைக்குக் கீழே கிடக்கிறது, மழைக்குச் சீமெந்து நிலம் குளிரும்போது கால் வைக்க நல்லாயிருக்கிறது, முழங்காலுக்கும் சுகம். ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கத்தரிக்கோல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் ஆராய்ச்சிக்கு ஒரு மூலையில் உதவினால் எடுத்துக்கொள், உதவாவிட்டால் அம்மாவின் கைவேலை என்று வைத்துக்கொள்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் அம்மாவை மட்டும் பிழைகாரி ஆக்கினதாக இருக்கும். அன்று மொட்டைமாடியில் அந்தக் கொடியைப் பார்த்த உடனே எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ரோமம் போய்விட்டது, பிள்ளை வரப்போகிறாள் என்று ஒரு சந்தோசம் வந்தது. கொஞ்ச நேரந்தான், ஆனால் வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளை திரும்பி வந்த கோலத்தை என் கண்ணால் பார்த்தவன் நான், எனக்கே அப்படி ஒரு சந்தோசம் வந்துவிட்டதே என்று பயந்துபோய்த்தான் கீழே இறங்கி அம்மாவை அப்படி ஏசினேன். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. திருச்சியில் உன்னை வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மற்றப்படி இங்கே விசேசம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு அம்மா பலகாரம் சுடவில்லை, காரணம் உனக்கு இப்போது தெரியும். காலுக்குத் தடித்த மேசு போடு. கிடாய் ஆட்டுக்குக் கிட்டத் தனியாகப் போகாதே, நீ அனுப்பின படத்தில் அதன் கொம்பு எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது சத்தம் போட்டுத் தொண்டையைக் கெடுக்காதே. அந்தப் பிள்ளைகளிடம், அப்பா சொன்னார் என்று சொல்லு, கடைக்கு முன்னால் ஒரு ஆடு இருக்கிறது, ஆட்டுக்கு முன்னால் அதை மேய்க்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்று.

மயூரபதி அம்மன் உன்னை ஒரு குறையும் வராமல் காக்க வேண்டும். எடுத்த படிப்பை முடித்து, நல்ல சுகத்தோடும் பலத்தோடும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதத்தோடும் நெடுநாள் இரு. கடைசியாக ஞாபகப்படுத்துகிறேன், கொழும்புக்கு டிக்கட் போடாதே. திருச்சிக்குப் போடு. அம்மாவிடம் ரோமத்தைக் கொடுக்கமாட்டேன், நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
உன்னைக் காண வருகிற அப்பா,
க. நாகேந்திரம்